மேல்தண்ணீர்

காலை ஐந்து ஐம்பது. திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டைத் தாண்டி, கிழக்கே உப்பளத்துக்குள் போகும் மண்பாதையில் வண்டி திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாய். அதன் வாயில் நீளமான ஒரு கால் தொங்கியது. வண்டி விளக்கில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த அந்தக் கால், நடுமூட்டில் மடங்கியும் நிமிர்ந்தும் தரையில் இழுபட்டது. நாய் எங்களைக் கண்டு நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. பாதையைக் கடந்து உடைமரங்களுக்குள் போய்விட்டது.

பூநாரையின் கால் என்றார் ஓட்டுநர். புதுக்கோட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், வண்டி வாடகை வண்டி. விடியும் முன்பே நாய்கள் கூட்டமாக வந்து தூங்கும் பறவையைப் பிடித்துவிடுமாம். ஒரு காலை மடக்கிக்கொண்டு தூங்குகிற பறவைக்கு ஓடுவதற்கு ஒரு காலே மிச்சம் என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். பின்சீட்டில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தன் பாத்திகள் இருந்த பக்கம் பார்த்தாள்.

ஒரு நாள் சுற்றிவிட்டு வரவேண்டும் என்று கேட்டது அக்காதான். உப்பளத்துக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருடம் ஆகியும், உப்பளத்துக்கு அப்பால் இருக்கும் காயலை அவள் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது தொலைவில் சிவப்பாகத் தெரியும் தேரிக்காட்டில் கால் வைத்ததில்லை. இரண்டையும் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடு என்றாள். என் செய்தித்தாள் வேலையில் ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைப்பது அரிது. சித்திரையில் அப்படி ஒரு ஞாயிறு கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கும் தோதான நாள். மறுநாள் உப்பு வாரவேண்டும். வாருவதற்கு முந்தின நாள் பாத்திப் பக்கம் யாரும் போகக்கூடாது, வரப்பில் நடந்தாலே அடிச்சேறு அசைந்து உப்பில் கலங்கும் என்பது இறந்துபோன என் அத்தான் கடைசிவரை விடாத பிடிவாதம். பக்கத்து அளக்காரர்கள் அதைக் கேலி செய்வார்கள். அத்தான் போன பிறகும் அக்கா அந்த வழக்கத்தை மாற்றவில்லை. அவளிடம் வேலை பார்க்கும் கணவன் மனைவி இருவரும் அன்று சாயர்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் நடக்கவிருந்தது வழக்கமான வாரல் அல்ல. அத்தான் இறந்த வருடம் பாத்திகள் போட்டது போட்டபடி கிடந்தன. ஆண்டுத் திதியன்று வீட்டில் அந்தப் பேச்சு வந்தது. அடுத்த அளம் அத்தானின் தம்பியுடையது. ஒன்றாக இருந்ததை நடுவில் ஒரு வரப்புப் போட்டுப் பிரித்திருந்தார்கள். மைனி தனியாக நின்று உப்பளம் பார்க்க முடியாது, என்னிடம் விட்டுவிட்டால் மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அந்தக் கொழுந்தனார். பெரியவர்கள் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். இந்தப் பருவத்தின் முதல் வாரலை அக்கா தனியாக எடுத்துக் காட்டினால் பாத்திகள் அவளுக்கு, எடுக்காவிட்டால் கொழுந்தனாருக்கு. எல்லார் முன்னிலையிலும் அக்கா சரி என்றாள்.

மாசியில் அவள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினாள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவதில் ஆட்களோடு அவளும் இறங்கினாள். குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, இரண்டு மாதம் அவள் செருப்புப் போடவில்லை. இப்போது உப்பு விளைந்து, தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. வாருவது ஒன்றுதான் பாக்கி.

காயலில் வண்டியை நிறுத்தியபோது வெளிச்சம் வந்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கூட இல்லை. அதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பூநாரைகள் நின்றன. காற்று இல்லை. கரையோரம் சேறு காய்ந்து, ஓரங்கள் உப்புப் பூத்து மடிந்திருந்தன. நடந்தால் அந்த ஓடுகள் காலடியில் நொறுங்கின. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறதே என்று மட்டும் சொன்னாள்.

நாய்கள் தெற்கிலிருந்து வந்தன. குரைக்கவில்லை. தண்ணீரில் இறங்கி, இடைவெளி விட்டு, அரைவட்டமாக நின்றன. பறவைகள் தலையைத் தூக்கின. பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. பறக்குமுன் தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடவேண்டும். கூட்டம் மொத்தமாக ஓடியது. சிறகு விரிந்தபோது உள்ளே இருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் தெரிந்தன. ஒன்று மட்டும் எழும்பவில்லை. அதன் ஒரு சிறகு விரியாமல் தொங்கியது. முதல் நாய் கழுத்தைப் பிடித்தது. இரண்டாவது சிறகைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தது. வாத்துச் சத்தம் மாதிரி ஒரு சத்தம் இரண்டு முறை கேட்டது. ஓட்டுநர் சேற்றுக்கட்டிகளை எடுத்து எறிந்தார். ஒன்று ஒரு நாயின் முதுகில் பட்டது. அது திரும்பிப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழையபடி அசையாமல் நின்றது. மேலே சிறகுத் துண்டுகள் மிதந்தன.

அக்கா முகத்தைத் திருப்பவில்லை. முடியும்வரை பார்த்துவிட்டு, தங்கள் அளத்து வடிகால் எங்கே வந்து விழுகிறது என்று என்னிடம் கேட்டாள். உப்பள ஓடைகள் எல்லாம் இந்தக் காயலில்தான் முடியும். கரையோரமாக நடந்துபோய்க் காட்டினேன். ஓடையின் வாய் தூர்ந்து, சேறும் கருவேல முள்ளுமாக அடைத்துக் கிடந்தது.

“அடைச்சுல்லா கெடக்கு” என்றாள். “தூர் எடுத்துட்டேன்னு சொன்னாரு.”

தூர் எடுப்பது இந்த வருடம் கொழுந்தனார் முறை. ஓடை அக்காவின் பாத்திகளில் தொடங்கி, அவருடைய பாத்திகளை ஒட்டிப் போய்க் காயலில் விழுகிறது. இரண்டு அளத்துக்கும் மழைத்தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி.

வண்டிக்குள் உட்கார்ந்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம். ஓட்டுநருக்கும் கொடுத்தாள். அப்போது அவர், மழை வந்தால் உப்பு கரைந்துவிடாதா என்று கேட்டார். அக்கா சொல்லத் தொடங்கினாள். பாத்தித் தண்ணீர் கனமானது. மழை பெய்தால் மழைத்தண்ணீர் அதன்மேல் தனியாக நிற்கும், காற்று வந்து கலக்குகிற வரைக்கும். அதற்குள் வரப்பில் ஒரு வாய் திறந்து, மேலே நிற்பதை மட்டும் வழியவிட்டால் அடியில் இருக்கும் உப்புக்கு ஒன்றும் ஆகாது. மேல்தண்ணி எடுப்பது என்று அதற்குப் பெயர். வாயைக் கையால்தான் திறக்கவேண்டும், இரண்டு விரல் ஆழத்துக்கு. மண்வெட்டி போட்டால் ஆழம் தாண்டிவிடும். கனத்த தண்ணீரும் சேர்ந்து ஓடி, உப்பு வெறுமனே கிடக்கும். அதற்குப் பிறகு நாலு தூறல் போதும்.

அத்தானிடம் வேலை பார்த்த ஒருவன் அப்படி மண்வெட்டி போட்டிருக்கிறான். அத்தான் அதே மண்வெட்டியைப் பிடுங்கி, காம்பால் அடித்ததில் அவன் தோள்பட்டை இறங்கிவிட்டது. “அவன் மேல்தண்ணிக்கு மம்பட்டிய எடுத்தான். இவுக அவனுக்கு மம்பட்டிய எடுத்தாக” என்றாள் அக்கா. அத்தானே அவனை வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு, கட்டு அவிழ்க்கும்வரை அவன் வீட்டுக்கு அரிசி அனுப்பினாராம். அவனும் கடைசிவரை வேறு அளத்துக்குப் போகவில்லை.

ஆத்தூர் வழியாகத் தேரிக்குப் போனோம். வாழைத்தோட்டங்கள் முடிந்து, பனைகள் தொடங்கி, தரை சிவந்துகொண்டே போனது. பிறகு செடி இல்லை. செம்மணல் மட்டும் மேடுமேடாக நின்றது. இந்தக் கரையில் உயரம் என்று சொல்ல இந்த மணல் மேடுகள்தான் உண்டு. வண்டியை நிழல் இருந்த இடத்தில் விட்டு மூவரும் ஏறினோம்.

ஒரு மேட்டின் சரிவில் பனையோலைகள் தரையிலிருந்து முளைத்ததுபோல் விரிந்திருந்தன. முழு மரம் மணலுக்குள் நின்றது. கொல்லா என்னும் முந்திரிமரம் ஒன்றின் வேர்கள் எதிர்ப்பக்கம் மணல் போய் வெளியே வந்து, காய்ந்து, ஆள் உயரத்தில் தொங்கின. ஓர் இடத்தைப் புதைத்தால்தான் இன்னோர் இடத்தைத் திறக்கும் மணல் அது. அதற்கு அப்பால் ஓர் ஆடு செத்துக் கிடந்தது. காற்று அடிக்கும் பக்கம் தோல் தேய்ந்து எலும்பு வழவழப்பாக இருந்தது. மறுபக்கம் மயிர் அப்படியே இருந்தது. மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். உப்பில் இறுகிய பாதம் அவளுடையது. ஓட்டுநர் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, சுடுகிறது என்று திரும்பி ஓடினார்.

உச்சியில் நின்றபோது கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. வடக்கே, வெகு தொலைவில், உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகள்போல் மின்னின. அக்கா தன் பாத்தி எது என்று தேடவில்லை. அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் மேகம் எழும்பியிருந்தது. அடியில் கறுப்பு, மேலே வெள்ளை. அதுவரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்த கடல்காற்று நின்றுவிட்டிருந்தது.

“ஏலே, எறங்கு” என்றாள். அவள் அதற்குள் பாதிச் சரிவு இறங்கிவிட்டாள்.

வண்டியில் போகும்போது கொழுந்தனாருக்குப் போன் போட்டாள். மழை வந்தால் தன் பாத்தியிலும் மேல்தண்ணீரைத் திறந்துவிடும்படி கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் தன் பாத்தியை முதலில் பார்ப்பாராம் என்று அக்கா போனை மடியில் வைத்தபடி சொன்னாள். வேலைக்காரக் குடும்பத்தைக் கூப்பிட்டாள். கல்யாண மண்டபச் சத்தத்தில் அவர்கள் எடுக்கவில்லை. ஆறுமுகநேரி தாண்டியபோது முதல் துளிகள் விழுந்தன. பழையகாயலில் துடைப்பான் போட்டும் பாதை தெரியவில்லை.

அளத்தில் நாங்கள் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்று இன்னும் வரவில்லை. பாத்திகளின் மேல்பரப்பு முழுவதும் சிறுசிறு முட்களாக எழும்பி விழுந்தது. ஓடை தொடங்கும் இடத்தில் மணல்மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. கொழுந்தனார் ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மேலும் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தார். அவருடைய ஆள் ஒருவன் மேட்டில் இருந்து மூட்டை எடுத்துக் கொடுத்தான்.

அக்கா கொட்டகைக்குள் போய் மண்வெட்டியோடு வந்தாள். மூட்டைகளைக் கிழிக்கத்தான் எடுத்தாள்.

“மைனி, இங்கன கை வைக்காதீங்க. ஓடை நெறஞ்சா எம் பாத்திக்குள்ளதான் பாயும். எம் உப்பும் வெளஞ்சுதான் நிக்கி.”

“வாய தூர் எடுத்திருந்தீருன்னா காயலுக்குப் போயிருக்கும். இன்னைக்குக் காலையில பாத்துட்டுத்தான் வாரேன்.”

“ஊர் சுத்திப் பாக்கப் போனவுகளுக்கு உப்பு எதுக்கு?”

அக்கா மூட்டையின்மேல் வெட்டினாள். சாக்கு கிழிந்து மணல் சரிந்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கும்போது அந்த ஆள் பின்னால் வந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்து இழுத்தான். அக்கா மல்லாக்க விழுந்தாள். எங்கள் ஓட்டுநர் அவனைப் பிடரியில் அறைந்தார். அதுவரை அவருக்கும் இந்த அளத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பிலிருந்து உருண்டு, உப்பு ஊறிய தண்ணீருக்குள் விழுந்தார்கள். ஓட்டுநர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். கண்ணுக்குள் போன உப்புத் தண்ணீர் எரித்தது. மற்றவன் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து அவர் தலையை அமுக்கினான். நான் போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கை என் வாயில் பட்டது. நாக்கில் ஒரு துண்டு கிடந்தது. துப்பினேன், பல்.

நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா மூட்டைகளை விட்டுவிட்டாள். மண்வெட்டியோடு நடு வரப்புக்குப் போயிருந்தாள். அவள் பாத்திகள் மேடு, கொழுந்தனாரின் பாத்திகள் ஒரு சாண் பள்ளம். ஓடை அடைபட்ட பிறகு மேல்தண்ணீரை விட இருந்த ஒரே இடம் அந்த வரப்புதான். மழை குறைந்திருந்தது. மேற்கிலிருந்து காற்றின் முதல் அடி வந்தது. பாத்தியின் மூலையில் தண்ணீர் சுருங்கி, ஒரு வரியாக நகர்ந்தது.

அவளும் அதைப் பார்த்தாள். மண்வெட்டியை ஓங்கி வரப்பில் போட்டாள்.

கொழுந்தனார் ஓடைக்குள்ளிருந்து ஏறி ஓடிவந்தார். வரப்பின் மறுபுறம் மண்டியிட்டு, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, அவள் வெட்டிய இடத்தில் அப்பினார். அவள் மறுபடி வெட்டினாள். அவர் மறுபடி அப்பினார்.

“கைய எடும்” என்றாள் அக்கா.

“எம் உப்பு கரையும் மைனி.”

“கைய எடும்.”

நான் பார்த்தது இவ்வளவு. நான் நின்ற இடத்திலிருந்து வரப்பு பத்தடி தூரம் இருக்கும். அவருடைய வலது கை சேற்றுக்குள் மணிக்கட்டுவரை இருந்தது. மண்வெட்டி இறங்கியது. கை மேலே வந்தபோது சேறு பூசிய கையாகவே இருந்தது. மழை சேற்றைக் கழுவியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தோலில் தொங்கின. கையை இடது கையால் பிடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு, வரப்பில் சாய்ந்து உட்கார்ந்தார். கையைப் பார்த்துத்தான் வெட்டினாள் என்று அவர் பின்னால் வீட்டில் சொன்னார். பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவள் முதுகுதான் தெரிந்தது.

அவள் நிறுத்தவும் இல்லை. இன்னும் மூன்று நான்கு வெட்டுகள் விழுந்தன. வரப்பு திறந்துகொண்டது. முதலில் கலங்கலான மழைத்தண்ணீர் பாய்ந்தது. பிறகு பாய்ந்தது வேறு. அது எண்ணெய்போல் சுருண்டு, மெல்லிய ரோஸ் நிறத்தில், சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அக்கா மண்வெட்டியைப் போட்டாள். குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வாயை அடைக்கப் பார்த்தாள். நனைந்த வரப்பு கையோடு கரைந்து வந்தது. அகலம் கூடிக்கொண்டே போனது. வாய்க்குள் அவளே குறுக்கே உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடியது. அவருடைய ரத்தமும் அதில் போனது.

அந்த ஆள் ஓட்டுநரை விட்டுவிட்டு எழுந்து தன் முதலாளியிடம் ஓடினான். சற்றுமுன் தலையை அமுக்கிய அவனும், அமுக்கப்பட்ட எங்கள் ஓட்டுநரும் சேர்ந்துதான் கொழுந்தனாரை வண்டிக்குத் தூக்கி வந்தார்கள். அக்கா முன்சீட்டில் ஏறினாள். அவள் உடம்பு முழுவதும் சேறு. ஓட்டுநரின் கண்கள் வீங்கியிருந்தன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூத்துக்குடி வரை ஓட்டினார். பின்சீட்டில் எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் கொழுந்தனார் இருந்தார். கையில் சுற்றியிருந்தது அக்காவின் துண்டு. எப்போது கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் கொழுந்தனார் பேசிவிட்டார்.

“காத்துல கொட்டகைத் தகரம் பறந்து வந்து வெட்டிட்டு, டாக்டர்.”

உங்கள் வாயில் என்ன என்று டாக்டர் என்னைக் கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றேன். ஓட்டுநரை அவர் கேட்கவே இல்லை. இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தபோது, இரவு எட்டு மணிக்கு மேல் மறுபடி மழை பெய்தது. பெரிய மழை அல்ல. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் தகரத்தில் அது விழும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் பார்க்கலாமா என்றேன். வேண்டாம் என்றாள்.

திங்கட்கிழமை காலை வாரலுக்கு வந்த ஆட்கள் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார்கள். கல்யாணத்திலிருந்து வந்த கணவன் மனைவியும் இருந்தார்கள். யாரும் பாத்தியில் இறங்கவில்லை. இறங்க ஒன்றும் இல்லை. அக்காவின் பாத்திகளில் கருஞ்சேறு தெரிந்தது. ஓரங்களில் மட்டும் அரித்த பல்போல் கொஞ்சம் உப்பு ஒட்டியிருந்தது. தண்ணீர் போன பிறகு வெறுமனே கிடந்த உப்பின்மேல் இரவு மழை நேராக விழுந்திருக்கிறது. மாசியிலிருந்து விளைந்தது அந்த ஒரு மழையில் போய்விட்டது.

நடு வரப்பில் வெட்டு அப்படியே இருந்தது. மறுபக்கம் கொழுந்தனாரின் பாத்திகளில் தண்ணீர் தெளிந்து நின்றது. அடியில் உப்பு, வரிசை குலையாமல், வெள்ளையாக இருந்தது. அக்கா குனிந்தாள். அந்தத் தண்ணீரில் கையை அடிவரை விட்டு எடுத்து, விரலை நாக்கில் வைத்தாள்.

“எந் தண்ணி” என்றாள். “கனத்தது கீழதானல போவும். அடியில போயி உக்காந்துக்கிட்டு. அவரு உப்பு நின்னுட்டு.”

ஆட்களில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுடைய மனைவி அவன் கையைப் பிடித்தாள். அக்கா அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பச் சொன்னாள்.

பெரியவர்கள் அந்த வாரமே கூடினார்கள். திதியன்று உட்கார்ந்த அதே ஆட்கள்தான். கொழுந்தனார் கையில் கட்டோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். விரல்களைப் பற்றி யாரும் பேசவில்லை. தகரம் வெட்டியது என்றே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். மழையைப் பற்றியும் பேசவில்லை. மழை பெய்யும் என்று தெரிந்துதானே உப்பளம் போடுகிறோம் என்று ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு மூத்தவர் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“வாருனியாம்மா?”

“இல்ல மாமா.”

ஓடையின் வாய் தூர்ந்திருந்ததை நான் சொன்னேன். அன்று காலை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். பெரியவர் கொழுந்தனாரைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை. அதற்கும் இதற்கும் என்ன, பேசினது வாரலைத்தானே என்றார் இன்னொருவர். அக்கா என் பக்கம் திரும்பி, போதும்ல என்றாள். கொட்டகைச் சாவியைத் தரையில் வைத்தாள். கொழுந்தனார் அதை இடது கையால் எடுத்தார். இன்னும் பழகவில்லை, ஒரு முறை நழுவி விழுந்தது. அக்காதான் எடுத்து மறுபடி கொடுத்தாள்.

வியாழக்கிழமை அவருடைய பாத்திகளில் உப்பு வாரினார்கள். நான் அக்காவைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. அளத்துக்குப் போனேன். கொழுந்தனார் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். பாத்திக்குள் ஆட்கள் வரிசையாக வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் கடைசி ஆள் அக்கா.